பத்து அதிகாரமும் நாற்பது கன்றும்

போச்சம்பள்ளிக்குப் பக்கம் சந்தூரில் எங்களுக்கு மாங்கன்று நர்சரி இருக்கிறது. அந்த வழியில் வந்தவர்களுக்குத் தெரியும், ரோட்டோரமாக நிழல்வலை கட்டிய நர்சரிகள் வரிசையாக நிற்கும். அப்பா ஆரம்பித்த தொழில். கன்று வாங்க வருகிறவர்களிடம் அவர் தவறாமல் சொல்கிற ஒரு விஷயம் உண்டு: ஒட்டுக்கன்று நட்ட முதல் வருஷமே பூ விடும், ஆசைப்பட்டு விட்டுவிடாதீர்கள், மூன்று வருஷம் பூவைக் கிள்ளிவிடுங்கள், அப்போதுதான் மரம் தேறும். இப்போது நான் அதையே சொல்கிறேன். ஆனால் 2022 முதல் 2024 வரை ஆவிக்குரிய வளர்ச்சி என்று நான் ஓடிய ஓட்டத்தில் இந்த ஒரு வார்த்தை எனக்கே உறைக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் தனியாகப் பட்ட அவதி அது. என்னை மாதிரி இன்னொருவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டிருக்கலாம், அவருக்காக எழுதுகிறேன்.

நாங்கள் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். ஊரில் ஓட்டுக்கூரை போட்ட சின்ன சபை, ஞாயிற்றுக்கிழமை நாற்பது ஐம்பது பேர் வருவோம். மனைவி எலத்தகிரிக்காரி, கத்தோலிக்கக் குடும்பம். 2022 ஜனவரியில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு பாடினார்கள், பிரசங்கம் நடந்தது, எனக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. அழுகைகூட வரவில்லை. இரண்டு மூன்று மாதம் அப்படியே போனது. அந்த நேரத்தில் ஓசூர் பக்கமிருந்து இருநூறு கன்று வாங்க வந்த ஒருவர், பேச்சுவாக்கில் நான் விசுவாசி என்று தெரிந்ததும், "பிரதர், நீங்க ஞாயித்துக்கிழமை கிறிஸ்தவராவே நின்னுட்டீங்க, ஆவியில வளரலை" என்றார். துக்கத்தில் இருக்கிறவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது என்று இன்று தோன்றுகிறது. அன்று சுருக்கென்று குத்தியது. என் வறட்சிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்பா செத்து மூன்று மாதம்தான் ஆகிறது, மனசு மரத்துக் கிடக்கிறது என்ற எளிய காரணம் தோன்றவே இல்லை. யாராவது இறந்து ஒரு வருஷம் ஆகாமல், "நான் ஆவிக்குரிய நிலையில் விழுந்துவிட்டேன்" என்ற முடிவுக்கு வராதீர்கள். துக்கத்துக்கும் அவிசுவாசத்துக்கும் வெளிப்பார்வைக்கு ஒரே முகம்தான்.

ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் ஓசூர் பக்கம் ஒரு முழுஇரவு ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தேன். போகவர நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். நர்சரி வேனில் தனியாகப் போய், விடியற்காலை கண்ணெரிச்சலோடு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே திரும்பி வருவேன். இரண்டு தடவை ஸ்டியரிங்கில் கண் அசந்திருக்கிறேன். அதைக்கூட "கர்த்தர் காத்தார்" என்று சாட்சியாகச் சொன்னேனே தவிர, தூங்கிவிட்டு வரலாம் என்று தோன்றவில்லை. வீட்டில் காலை நாலு மணிக்கு அலாரம், ஒரு மணி நேரம் ஜெபம், ஒரு நாளைக்கு பத்து அதிகாரம் வேதம். எங்கள் வேதாகமத்தில் 1189 அதிகாரம். நாளைக்கு பத்து என்றால் நாலு மாதத்தில் முடிந்துவிடும். விட்டுப்போன நாட்கள் போக, இரண்டு வருஷத்தில் நாலு தடவை முடித்தேன். முடித்த தேதியைக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒபதியா புத்தகம் ஒரே ஒரு அதிகாரம், இருபத்தோரு வசனம். நாலு தடவை வாசித்த நான், அதில் யாரைப் பற்றி எழுதியிருக்கிறது என்று மகள் கேட்டபோது விழித்தேன். ஏதோம் என்ற நாட்டைப் பற்றி. அவளே பார்த்துச் சொன்னாள்.

பணத்துக்கு வருகிறேன். நர்சரிக் கணக்கு எழுதுகிற பழக்கம் இருந்ததால் இதையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன், புண்ணியக் கணக்கு மாதிரி. டீசலும் டோலும் ஒரு தடவைக்கு எண்ணூறு ரூபாய், எண்பது தடவை, 64,000. காணிக்கை 92,000. பெங்களூரில் நடந்த கூட்டங்களுக்குத் தங்கல், சாப்பாடு 18,000. ஒரு டிவி ஊழியத்துக்கு மாதம் ஐந்நூறு பங்காளர் காணிக்கை, இரண்டு வருஷம், 12,000. ஜெப எண்ணெய், புத்தகம், பென்டிரைவ் என்று 4,000. மொத்தம் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். காணிக்கையில் ஐம்பதாயிரம் ஒரே ராத்திரியில் கொடுத்தது. 2023 மார்ச்சில் ஒரு கூட்டத்தில், "இன்றைக்கு விதைக்கிறவன் இந்த வருஷமே நூறத்தனையாக அறுப்பான், கையில் இல்லாதவன் விசுவாசத்தில் பேர் கொடு" என்றார்கள். பேர் கொடுத்தேன். மறுநாள் மனைவியின் மூணு பவுன் செயினை, கொக்கி மாற்ற வேண்டும் என்று சொல்லி வாங்கிப் போய் அடகு வைத்தேன். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. பதினாலு மாதம் கழித்து மீட்டபோது வட்டி மட்டும் 14,000.

நான் விதையோடு பிழைக்கிறவன். என் கொட்டையை என் பாத்தியில் போட்டால்தான் எனக்கு முளைக்கும், அடுத்தவர் பாத்தியில் போட்டால் அவருக்குத்தான் முளைக்கும். இது தெரிய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று என்பதுதான் வேடிக்கை. கொடுப்பது தப்பு என்று சொல்லவில்லை, இப்போதும் கொடுக்கிறேன். ஆனால் கூட்டம் நடக்கும்போது, பாட்டும் வாத்தியமும் ஓங்கி நிற்கும்போது ஒரு தொகையைச் சொல்லிவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் மனைவியிடமோ கணவரிடமோ சொல்லிப் பாருங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தொகை தப்பு. விசனமாயும் அல்ல, கட்டாயமாயும் அல்ல என்று பவுல் இரண்டாம் கொரிந்தியர் ஒன்பதாம் அதிகாரத்தில் எழுதியது இதற்குத்தான். ரசீது கேளுங்கள். ரசீது கேட்டதும் முகம் மாறினால் அடுத்த வாரம் போகாதீர்கள்.

தொழிலில் பட்ட நஷ்டம் தனி. மாவில் ஒட்டுக் கட்டுவதற்கு முன்னால் தாய்மரத்தில் குச்சியைத் தேர்ந்தெடுத்து, இலையை மட்டும் காம்பு விட்டுக் கிள்ளிவிடுவோம். ஒரு வாரம் பத்து நாளில் நுனிமொட்டு பருத்து வரும். தளிர் வெடிப்பதற்கு முன்னால் வெட்டி, அன்றைக்கே ஒட்டிக் கட்டிவிட வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் பரவாயில்லை, பிந்தினால் வீண். 2023 ஆகஸ்டில் ஆயிரத்து இருநூறு குச்சிக்கு இலை கிள்ளி வைத்துவிட்டு, மூன்று நாள் கூட்டம் என்று பெங்களூர் போனேன். அங்கே "இன்னும் இரண்டு நாள், எழுப்புதல் தொடங்கியிருக்கிறது" என்றார்கள், தங்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மரம் முழுக்கச் செம்பு நிறத்தில் தளிர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒட்டுக் கட்டுகிற ஆள் இரண்டு நாள் வந்து காத்திருந்துவிட்டு வேறு நர்சரிக்குப் போய்விட்டார். கன்று அறுபது ரூபாய் என்று வைத்தாலும் 72,000 போச்சு. சத்துருவின், அதாவது சாத்தானின், தாக்குதல் என்று ஜெபக்குறிப்பு கொடுத்தேன்! சத்துரு பாவம், அவன் பெங்களூரில் உட்காரச் சொல்லவில்லை.

வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுதத்தான் கூச்சம். ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு ஏழு மணிக்கு ஸ்கூல் பஸ். மனைவி ஐந்து மணிக்குக் குக்கர் வைப்பாள். ஒருநாள் நான் முழங்காலில் இருக்கும்போது விசில் அடித்தது, அடுத்தது அடித்தது, மூன்றாவதில் நான் எழுந்து போய், "ஒரு மனுஷன் தேவனோட பேசறப்ப அஞ்சு நிமிஷம் அமைதி கிடையாதா இந்த வீட்டுல" என்று கத்தினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, பின்கட்டுப் படியில் இருட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தாள். நான் திரும்பப் போய் அன்னிய பாஷையில், ஆவியில் வருகிற புரியாத பேச்சில், ஜெபித்தேன். அவள் தினமும் ராத்திரி சொல்கிற ஜெபமாலையை வேறு, வீண் வார்த்தை என்று பிள்ளைகள் முன்னாலேயே கேலி செய்திருக்கிறேன். மகள் அப்போது எட்டாவது. பிறகு ஒரு நாள் அவள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "அப்பா ஜெபம் முடிச்சி வர்ற நேரத்துல நான் பாத்ரூம் போயிடுவேன்மா." கலாத்தியரில் ஆவியின் கனி என்று ஒன்பது சொல்லியிருக்கிறதே, அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை என்று, அதில் ஒன்றுகூட அலாரம் வைத்து எழுவது பற்றியது இல்லை. ஒன்பதையும் பக்கத்தில் இருக்கிற ஆள்தான் ருசி பார்த்துச் சொல்ல முடியும்.

முடிவு வந்தது 2024 லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில். இருபத்தொரு நாள் உபவாசம், சாயங்காலம் மட்டும் கஞ்சி என்று எடுத்தேன். எனக்கு நாற்பது வயதிலிருந்தே சுகர். கிளிமிபிரைடு கலந்த மாத்திரை, காலையில் சாப்பிடுவதற்கு முன்னால். சாப்பாட்டை நிறுத்தினேன், மாத்திரையை நிறுத்தவில்லை. மாத்திரையை நிறுத்தினால் அது பயம், சாப்பிட்டால் அது தோல்வி என்று என்னவோ ஒரு கணக்கு. பதினாறாம் நாள் சனிக்கிழமை காலை, முழுஇரவு ஜெபம் முடிந்து, அங்கேயே மாத்திரை போட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். சூளகிரி தாண்டுவதற்குள் கை நடுங்கியது. சட்டை முழுக்க வியர்வை, எதிரே வருகிற வண்டி இரண்டாகத் தெரிகிறது. எப்படி ஓரம் கட்டினேன் என்றே தெரியாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சுகரா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். ஒரு டம்ளரில் பாதிக்குச் சர்க்கரை போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தார். "எனக்கும் இருக்குங்க, சாப்பிடாம மாத்திரை போட்டீங்களா?" கால்மணி நேரம் கழித்து இரண்டு இட்லி வைத்தார். காசு வாங்கவில்லை. அவர் கடைச் சுவரில் முருகன் படம் தொங்கியது.

டாக்டர் திட்டினார், திட்ட வேண்டியதுதான். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். வண்டி ஓட்டும்போது இறங்கினால் அடுத்தவன் உயிரும் சேர்ந்து போகும். உபவாசம் இருக்க வேண்டும் என்று உந்துதல் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் போனை விடுங்கள், டிவியை விடுங்கள், கோபத்தை விடுங்கள், அதுவும் உபவாசம்தான். வேதத்தில் எலியா தீர்க்கதரிசி மனசு உடைந்து சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டுப் படுத்தபோது தேவதூதன் சொன்ன முதல் வார்த்தை, எழுந்து சாப்பிடு என்பது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை சாப்பிடச் சொல்கிறான், நடுவில் தூங்கவும் விடுகிறான். நாலு தடவை வாசித்த எனக்கு அது கண்ணில் பட்டது ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

அன்று ராத்திரி நோட்டை மனைவியிடம் கொடுத்தேன். செயினையும் சொன்னேன். அவள் அழுவாள், சண்டை போடுவாள் என்று இருந்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, "கொக்கி நல்லாத்தான் இருந்துச்சு, எனக்கு அப்பவே தெரியுங்க" என்றாள். ஒரு வருஷமாகத் தெரிந்தே இருந்திருக்கிறாள். அதற்கப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அது வேறு.

அடுத்த மூன்று மாதம் நான் ஜெபமே செய்யவில்லை. அலாரத்தை எடுத்துவிட்டேன். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கள் சபை ஆயரிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை, "அப்பாவைப் பத்திப் பேசுங்க" என்றார். இரண்டு மணி நேரம் பேசினேன். அடக்கத்தன்று வராத அழுகை அன்றைக்கு வந்தது. இரண்டு வருஷம் முன்னாலேயே உள்ளூரில் இருக்கிற இந்த மனிதரிடம் போயிருக்கலாம், அரை லிட்டர் பெட்ரோல்தான் செலவு. யாராவது ஒருவரிடம் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். மேடையில் இருக்கிறவரிடம் வேண்டாம், உங்கள் வீட்டுக்கு வந்து காபி குடிக்கிற தூரத்தில் இருக்கிறவரிடம்.

திரும்பத் தொடங்கியது மிகச் சின்னதாக. காலை ஆறு மணிக்குப் பாத்திகளுக்குத் தண்ணீர் விடுவேன், முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு சங்கீதத்தை முன்னாலேயே ஒரு தடவை வாசித்துவிட்டு, ஹோஸைப் பிடித்துக்கொண்டு அதில் ஒரு வரியை மட்டும் யோசித்துக்கொண்டிருப்பேன். மனைவியின் திருவிவிலியத்தில் வாசித்தேன், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. சின்ன வயதிலிருந்து பழகிய பழைய மொழிபெயர்ப்பில் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதில் வார்த்தை வேறாக இருப்பதால் நின்று நின்று போக வேண்டியிருந்தது. நூற்றைம்பது சங்கீதத்துக்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. 119ஆம் சங்கீதம் மட்டும் 176 வசனம், எட்டெட்டாக இருபத்திரண்டு பகுதி. நாளைக்கு இரண்டு பகுதி, பதினொரு நாள். நேரம் ஒதுக்கி ஜெபிக்க முடியாதவர்களுக்கு இது நான் கண்ட வழி: புதிதாக ஒரு நேரத்தை உண்டாக்காதீர்கள், கை ஓடி வாய் சும்மா இருக்கிற வேலை ஒன்று தினமும் எல்லோருக்கும் இருக்கும், அதில் சேருங்கள். அப்போதுதான் கவனித்தேன், மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஜெபமாலை சொல்லி இதைத்தான் இருபது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, சரி, தேங்காய் துருவுங்க" என்றாள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு இருபத்தொரு நாள் உபவாசத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. அயலானுக்குத் தீங்கு செய்யாதவனைப் பற்றிச் சொல்கிற பதினைந்தாம் சங்கீதம் வந்த அன்று, தண்ணீர் விடும்போது ஒரு விஷயம் நினைவுக்கு வந்து நின்றுவிட்டது. 2023 அக்டோபரில் பாலக்கோடு பக்கத்து விவசாயி ஒருவர் இமாம்பசந்து ரக மாங்கன்று நூறு கேட்டார். என்னிடம் அறுபதுதான் இருந்தது. மீதி நாற்பதுக்கு விலை குறைந்த பெங்களூரா ரகக் கன்றைக் கலந்து கொடுத்தேன். இலையைக் கசக்கி மோந்தால் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. காய்த்தால்தான் தெரியும், அதற்கு நாலைந்து வருஷம். அதற்குள் யார் நினைவு வைத்திருக்கப் போகிறார்கள்? கன்றுக்கு அறுபது ரூபாய் வித்தியாசம், 2,400 ரூபாய் லாபம். அந்த வாரம் வெள்ளிக்கிழமை காணிக்கைக் கவரில் இரண்டாயிரம் போட்டது நோட்டில் இருக்கிறது. நாலு மணிக்கு எழுந்து, பத்து அதிகாரம் வாசித்து, வாரம் இரண்டு நாள் உபவாசம் இருந்த காலத்தில் செய்த வேலை இது. ஒரு நாள்கூட அது உறுத்தியதில்லை.

பத்து நாள் தள்ளிப் போட்டேன். வேதத்தில் வருகிற சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவேன் என்றான் என்று மனைவியிடம் சொன்னபோது, "அப்ப நூத்தி அறுபது கன்னு குடுப்பீங்களா?" என்று சிரித்தாள். பிறகு போன் செய்தேன். அவர் முதலில் நம்பவில்லை, வேறு ஏதோ விற்கப் பார்க்கிறேன் என்று நினைத்தார். புரிந்ததும் கெட்ட வார்த்தையில் திட்டினார். எங்கள் மதத்தையும் சேர்த்துத் திட்டினார். கேட்டுக்கொண்டேன். மழை ஆரம்பித்ததும் நாற்பது இமாம்பசந்து, ஒரு ஆள், கடப்பாரையோடு போனேன். எட்டு மாதம் வேர் பிடித்து நன்றாகத் தேறியிருந்த கன்றுகளைப் பிடுங்கும்போது எனக்கே வலித்தது. இரண்டு நாள் வேலை. முதல் நாள் அவர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு பார்த்தார். இரண்டாம் நாள் மதியம் அவர் வீட்டம்மா களியும் கீரைக் குழம்பும் கொண்டு வந்து வைத்தார். கன்று, வண்டி, ஆள்கூலி எல்லாம் சேர்த்து 7,600 ரூபாய். நோட்டில் கடைசியாக எழுதிய கணக்கு அதுதான். அதற்கப்புறம் அந்த நோட்டை எழுதுவதில்லை.

மாதத்துக்கு ஒரு தடவை மனைவியிடம் கேட்கிறேன், என்கிட்ட ஏதாவது மாறியிருக்கா என்று. முதல் தடவை ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கதவை மெதுவா சாத்துறீங்க" என்றாள். போன மாதம், "ஒண்ணும் இல்ல, ரெண்டு நாளா மறுபடி எரிஞ்சு விழறீங்க" என்றாள். உண்மைதான். மாமரமே ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஓய்ந்து நிற்கிறது.

இந்த வருஷம் தை மாதம் அந்தப் பாலக்கோட்டு அண்ணன் அவராகவே போன் செய்தார். "தம்பி, நீ வெச்ச கன்னுல ஆறேழு பூ விட்டிருக்குப்பா. பார்க்கவே அழகா இருக்கு. என்ன பண்ணட்டும்?"

"கிள்ளிடுங்கண்ணா."

"மனசு வரலையே."

"எனக்கும்தான் வராது. இன்னும் ஒரு வருஷம் கிள்ளுங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், கத்தரிக்கோல் எங்கே என்று அவர் வீட்டம்மாவைக் கேட்பது காதில் விழுந்தது.